காப்பீட்டு அட்டை இருந்தும் பில் ஏன் வருகிறது? மாநில அரசால் எவ்வளவு குறைக்க முடியும்?

உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம், 58 வயது அப்பாவுக்கு மாரடைப்பு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு ஸ்டென்ட் (அடைபட்ட இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக் குழாய்) வைத்து 1,46,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டியபோது "இதுக்கு கார்டு செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சுகர், பிபி, இதயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்துக் கடையில் மாதம் 2,000 ரூபாய் போகிறது. "மாநில அரசு மனசு வைத்தால் வைத்தியச் செலவு குறையுமா, இல்லை எல்லாம் டெல்லி கையில்தானா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்த பில் ஏன் வந்தது என்பது ஒன்று, மாத மருந்துச் செலவை யார் குறைக்க முடியும் என்பது இன்னொன்று, பொதுவாக மாநிலத்தின் கையில் என்ன இருக்கிறது என்பது மூன்றாவது. உங்கள் மனதை அரிப்பது அந்த 1,46,000 என்று தெரிகிறது. ஆனால் மாதம் 2,000 என்றால் ஆண்டுக்கு 24,000, ஆறு ஆண்டில் 1,44,000. ஸ்டென்டுக்குக் கட்டியதற்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை, சத்தமில்லாமல், மாத்திரை அட்டை அட்டையாகப் போய்விடும். ஸ்டென்டுக்காவது காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. மாத்திரைக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. மாநில அரசுக்கு மிகப் பெரிய பலம் இருப்பதும் அந்த மாத்திரை விஷயத்தில்தான். மருந்து வழங்கலையும் காப்பீட்டுக் கோப்புகளையும் பல ஆண்டு அருகிலிருந்து பார்த்த வகையில் நான் வந்து சேர்ந்த முடிவு இது. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அதிகாரம் யாரிடம் என்பதில் குழப்பமே இல்லை. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருந்தின் விலைக் கட்டுப்பாடு அப்படியல்ல. அது அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வரும் 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மத்திய அரசிடம் இருக்கிறது. அதனால் கடையில் விற்கும் மாத்திரையின் அதிகபட்ச விலையைத் தமிழ்நாடு அரசு நேரடியாகக் குறைக்க முடியாது. மத்திய அரசு உச்சவிலை வைக்கும் முறையும் பெரிதாக விலையை இறக்குவதல்ல: ஒரு மருந்தின் சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதோடு சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் விலைகளின் சராசரியும் உயரத்தில்தானே நிற்கும்? மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவிலையே இல்லை, ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். விலையில் கை வைக்க முடியாத மாநிலம் வேறு வழியில் போகலாம்: தானே மொத்தமாக வாங்கி, தானே இலவசமாகக் கொடுப்பது. தமிழ்நாடு அதைத்தான் செய்தது, நாட்டுக்கே வழியும் காட்டியது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்பு வெவ்வேறு துறைகள் தனித்தனியாக மருந்து வாங்கின. ஒரு மருத்துவமனையில் மருந்து இருக்காது, இன்னொன்றில் அதே மருந்து காலாவதியாகிக் கிடக்கும். கழகம் வந்த பிறகு மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல், ஒரே டெண்டர், எல்லாம் பிராண்ட் பெயரில்லாத மூலப்பெயரில். டெண்டரில் இரண்டு உறை. முதல் உறையில் தொழிற்சாலை உரிமம், விற்றுவரவு, அந்த மருந்தைச் சந்தையில் விற்ற அனுபவம் இவற்றைப் பார்ப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். இடைத்தரகருக்கு இடமில்லை, தயாரிப்பாளரே வர வேண்டும். சரக்கு நேராக மாவட்டக் கிடங்குக்கு வரும். மதுரையிலும் கிடங்கு உண்டு. வந்த சரக்கை உடனே வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு பேட்சிலும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் கணக்கு இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். பெரும்பகுதி ஒதுக்கீடு கழகத்தின் வழியாகவே போகும், அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்கு மட்டும் மருத்துவமனையின் கையில் இருக்கும்.

இந்த முறையில் கிடைக்கும் விலை எவ்வளவு குறைவு என்றால், சில மருந்துகளில் கடை விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிபிக்குப் போடும் அம்லோடிபின் அப்படிப்பட்ட ஒன்று. "கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது, அது தவறு. பேட்ச் வாரியாகச் சோதனை முடிந்த பிறகே நோயாளி கைக்கு வரும் ஏற்பாடு இது. தெருமுனைக் கடையில் வாங்கும் மாத்திரைக்கு வாங்குபவர் தரப்பில் அப்படி ஒரு கட்டாயச் சோதனை இல்லை. ராஜஸ்தான் 2011 அக்டோபரில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த அமைப்பைப் பார்த்துத்தான் தன் கழகத்தை அமைத்தது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் உங்கள் வீட்டுப் பணம் ஏன் மருந்துக் கடைக்குப் போகிறது? இங்கேதான் உண்மையான ஓட்டை இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருந்துப் பட்டியல் படிப்படியாக இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியல் சிறியது. தாலுகா மருத்துவமனையில் அதைவிடப் பெரியது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழுப் பட்டியல். உதாரணமாக, மதுரை பெரியாஸ்பத்திரியில் (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) இதயப் பிரிவு எழுதிக் கொடுக்கும் ஐந்து மருந்தில் மூன்று ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கலாம், இரண்டு கிடைக்காமல் போகலாம். அந்த இரண்டுக்காக மாதாமாதம் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, அரை நாள் வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை இழப்பதைவிடக் கடையில் வாங்கிக்கொள்வோம் என்று வீட்டில் முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கில் தப்பும் இல்லை. இரண்டாவது, தனியார் மருத்துவர் எழுதும் சீட்டில் இரண்டு மூன்று மருந்து ஒரே மாத்திரையில் கலந்த பிராண்டுகள் இருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, வோக்ளிபோஸ் மூன்றும் ஒன்றாக. பிபிக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ஒன்றாக. அரசு மருந்தகத்தில் பெரும்பாலும் தனித்தனி மருந்துதான் இருக்கும். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் "இந்த மாத்திரை இங்கே இல்லை" என்ற பதில்தான் வரும். மருந்தாளுநர் பொய் சொல்லவில்லை. சீட்டும் அலமாரியும் வேறு வேறு மொழி பேசுகின்றன, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய மாநில அரசுக்கு டெல்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை. பெரிய மருத்துவமனையில் நிலைப்பட்ட நோயாளியின் மருந்தை அவர் பெயரிலேயே ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்டென்ட் (தேவைச் சீட்டு) போட்டு அனுப்பினால் பாதி பிரச்சினை தீரும். ஒரு மாத மருந்துக்குப் பதில் இரண்டு மாத மருந்தாகக் கொடுத்தால் அலைச்சல் பாதியாகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தத் திசையில் வைத்த சரியான அடி. சுய உதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மருந்தைக் கொடுக்கிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. ஆனால் அந்தப் பையில் இருப்பவை அடிப்படை மருந்துகள். ஸ்டென்ட் வைத்தவருக்கு வேண்டிய எல்லாமும் அதில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு திறந்த முதல்வர் மருந்தகம் அந்த மிச்சத்துக்கு உதவும். மூலப்பெயர் மருந்துகள் அங்கே குறைந்த விலையில் கிடைக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகமும் அதே வகை. இந்தக் கடைகளால் செலவு குறையும் என்பது உறுதி. மருத்துவர்கள் மூலப்பெயரில் எழுதாத வரை அந்தப் பலன் ஊர் முழுக்கப் பரவாது என்பதும் அதே அளவு உறுதி.

இனிக் காப்பீட்டுக்கு வருகிறேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய திட்டத்தோடு இணைந்த பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு. மருத்துவமனையில் படுத்துச் செய்யும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மட்டும்தான் இது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை. படுக்கை, மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம், அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது. ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை இந்தப் பட்டியலில் உண்டு. அப்படியானால் உங்களிடம் ஏன் "செல்லாது" என்றார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்லையும் பார்க்காமல் உங்கள் விஷயத்தில் இதுதான் நடந்தது என்று சொல்ல முடியாது. வழக்கமாக நடப்பவை சில இருக்கின்றன. மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கும், ஆனால் எலும்பு சிகிச்சைக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டும் சேர்ந்திருக்கும், இதயத்துக்குச் சேர்ந்திருக்காது. வாசலில் திட்டத்தின் போர்டு தொங்குவதால் எல்லாவற்றுக்கும் உண்டு என்று நாம் நினைத்துவிடுவோம். இன்னொன்று, சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. மூன்றாவது, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்: அவசரத்தில் பணம் கட்டி அட்மிஷன் போட்டுவிட்டு, ஸ்டென்ட் வைத்து முடிந்த பிறகு அட்டையை எடுப்பது. திட்டம் முன் அனுமதியில் ஓடுகிறது. ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக் குழாய் அடைப்பைக் காட்டும்) படம், நோயாளியின் புகைப்படம், அறிக்கைகள் எல்லாவற்றையும் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டர் கணினியில் ஏற்றி அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை. அவசரம் என்றால் தொலைபேசியிலேயே அனுமதி கேட்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் முதல் மணி நேரத்திலேயே அட்டையைச் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் பில்லைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறும் திட்டமல்ல இது.

நான்காவதாக, பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகாது என்று கருதும் மருத்துவமனை "இந்த கார்டுல சாதா ஸ்டென்ட்தான், நல்லது வேணும்னா வித்தியாசத்தைக் கட்டுங்க" என்று சொல்வது. இதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது, அதற்கு முன்பு அது ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது. பிறகு அந்த வரம்பு அவ்வப்போது மாறியிருக்கிறது. ஆகவே ஸ்டென்டுக்கு மட்டும் லட்ச ரூபாய் என்று எந்த பில்லிலும் வர முடியாது. 1,46,000-இல் மீதி எங்கே போனது என்பது பலூன், வயர், கதீட்டர், ஐசியு வாடகை, நடைமுறைக் கட்டணம் என்ற வரிகளில் இருக்கும். ஒரு பொருளின் விலையை மட்டும் கட்டினால் லாபம் பக்கத்து வரிக்கு நகர்ந்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். 2018 பிப்ரவரியில் அதே ஆணையம் டெல்லிப் பகுதியில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, சில பொருள்களில் லாபம் 1,700 சதவீதத்தையும் தாண்டியதை வெளியிட்டது. ஊசி, சிரிஞ்சு, கையுறை மாதிரியான சில்லறைச் சாமான்களில் இவ்வளவு லாபம் ஒளிந்திருப்பதை நோயாளி கவனிப்பதே இல்லை.

காப்பீட்டில் எனக்கு மிகவும் உறுத்துவது வருமான வரம்பு. முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், இப்போது 1,20,000. அதாவது மாதம் 10,000. ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி 800 என்றும், மாதம் 15 நாள்தான் வேலை என்றும் வைத்துக்கொண்டாலும் 12,000 ஆகிறது. மனைவி நூறு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் அந்தக் குடும்பம் எழுத்துப்படி வரம்பைத் தாண்டிவிட்டது. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் நிலைமை புரிந்து குறைத்து எழுதிக் கொடுப்பதால்தான் திட்டம் ஓடுகிறது. ஒருவருடைய உயிர்க் காப்பு இன்னொருவரின் நல்ல மனதை நம்பியிருக்கக் கூடாது. குடும்ப அட்டையின் வகையையே தகுதியாக வைத்துவிட்டால், வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைய வேண்டியதில்லை. வரம்பை ஏற்றினால் பிரீமியம் ஏறும் என்ற எதிர்வாதம் நியாயமானது. ஆனாலும் வரம்பு விலைவாசியோடு ஆண்டுதோறும் தானாக நகர வேண்டும், பத்தாண்டுக்கு ஒருமுறை அறிவிப்பாக வரக் கூடாது என்பது என் கருத்து.

இங்கே உறுதியானதையும் விவாதத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். காப்பீடு பெரிய அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பது உறுதி. வெளிநோயாளியாகப் போய் வாங்கும் மருந்துக்கும் டெஸ்டுக்கும் அது உதவாது என்பதும் உறுதி. காப்பீட்டுக்குப் போகும் பணத்தை அரசு மருத்துவமனைகளிலேயே போட்டிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்குமா என்பதில் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. தனியாருக்குப் போகும் பணம் அரசு மருத்துவமனையை மெலிய வைக்கிறது என்பது ஒரு தரப்பு. அரசு மருத்துவமனையும் இதே திட்டத்தில் தொகை பெறுகிறது, அதைக் கொண்டு கருவிகளும் ஸ்டென்டும் வாங்குகிறது என்பது இன்னொரு தரப்பு. என் சாய்வு முதல் தரப்பின் பக்கம், ஆனால் முழுதாக அல்ல. எல்லா ஊரிலும் நள்ளிரவில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை) செய்யும் அரசு வசதி இல்லாத வரை தனியாரைத் தள்ளி வைக்க முடியாது.

அரசே நேரடியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரசவம் சான்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்களை ஷிப்ட் முறையில் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள், 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாயாக உயர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான். மதுரைக்காரர்களுக்கு இன்னொரு சான்றும் கண் முன்னால் இருக்கிறது: 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அது அரசு அல்ல, அறக்கட்டளை. ஆனால் செலவு எப்படிக் குறைகிறது என்ற பாடம் பொதுவானது. ஒரே வகை அறுவை சிகிச்சையை ஒரே ஒழுங்கில், மிகப் பெரிய எண்ணிக்கையில் செய்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள். கட்ட முடிந்தவர் கட்ட, முடியாதவருக்கு இலவசம் என்ற முறை இப்படித்தான் நிலைத்து நிற்கிறது. முழங்கால் மூட்டு மாற்றுக்கும் ஸ்டென்டுக்கும் அரசு மருத்துவமனைகள் இதே போல எண்ணிக்கையைக் கூட்டி, பொருளை ஒரே டெண்டரில் வாங்கினால் ஒரு சிகிச்சைக்கு ஆகும் செலவு இறங்கும்.

தனியார் மருத்துவமனைக் கட்டணத்தில் மாநிலம் என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. இதே விஷயத்துக்கான மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. நம் சட்டம் பதிவையும் வசதிகளையும் பார்க்கிறது, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வேலையைச் செய்வதில்லை. முடியவே முடியாதா என்றால், 2020 ஜூனில் கொரோனா நேரத்தில் தமிழ்நாடு அரசே தனியார் மருத்துவமனைகளுக்குக் கட்டண வரம்பு வைத்தது, ஐசியுவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் வரை என்று. ஆணை போட முடியும் என்பது அதில் தெளிவாயிற்று. பின்பற்றுகிறார்களா என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால் ஆணை காகிதத்தில்தான் நிற்கும் என்பதும் தெளிவாயிற்று. எல்லாச் சிகிச்சைக்கும் வரம்பு வைப்பது நல்லதா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. மிகக் குறைத்து வைத்தால் சிக்கலான நோயாளியை ஏற்க மாட்டார்கள், அல்லது ரசீதில்லாமல் வாங்குவார்கள். ஆனால் கட்டணப் பட்டியலை வாசலில் தமிழில் ஒட்டுவது, சிகிச்சைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கொடுப்பது, மதிப்பீட்டைத் தாண்டினால் காரணம் எழுதுவது, வரிவாரியாக பில் தருவது ஆகிய நான்கையும் கட்டாயமாக்க எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்று நோயாளியைக் கட்டாயப்படுத்தும் பழக்கம் குறித்த வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கொள்கை முடிவு எடுக்க வேண்டியவை மாநிலங்கள்தான் என்று சொல்லிவிட்டது. பந்து இப்போது சென்னையின் பக்கம் இருக்கிறது. ஸ்கேன் சென்டர் மருத்துவருக்குக் கொடுக்கும் கமிஷனும் அப்படித்தான். மருத்துவ ஒழுக்க விதிகள் 2002 முதலே அதைத் தடை செய்கின்றன. விதி போதும், நடவடிக்கைதான் வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு இப்போதே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோகிராம் சி.டி., இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவுக்கோ ஒரு முறை போங்கள். "கலவை மாத்திரையைப் பிரித்து, மூலப்பெயரில், இங்கே கிடைக்கிற மருந்தாக எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க டிகாக்ரெலார் எழுதியிருந்தால் அது மற்றவற்றைவிட விலை கூடியது. க்ளோபிடோக்ரெலுக்கு மாற்றலாமா என்பதை இதய மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும், நீங்களாக மாற்றவோ ஒரு நாள்கூட நிறுத்தவோ கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் இந்த மருந்தை விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அடைப்பு வரலாம். செலவைக் குறைக்கிறோம் என்று இந்த மாத்திரையை ஒன்று விட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் உண்டு. அது உயிருக்கு ஆபத்து. புதுச் சீட்டோடு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, மக்களைத் தேடி மருத்துவப் பட்டியலில் பெயரைச் சேருங்கள். அங்கே கிடைக்காதவற்றை மட்டும் முதல்வர் மருந்தகத்தில் வாங்குங்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின் சோதனைகளை அரசு லேபிலேயே முடித்துக்கொள்ளலாம். மறுபடி நெஞ்சுவலி வந்தால் நேராக 108. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதயம் காப்போம் திட்டத்தில் முதல் டோஸாக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் சேர்த்து 14 மாத்திரை கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 2023 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அவர் ஏற்கெனவே இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். இதை ஊரில் நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள்.

காப்பீட்டு அட்டையையும் ஒருமுறை சரிபாருங்கள். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் அப்பாவின் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா, வீட்டுக்கு வந்த மருமகளும் பிறந்த குழந்தையும் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மதுரை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றோடும் போய்த் திருத்திக்கொள்ளலாம். இனி எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும் பணம் கட்டுவதற்கு முன்பு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவமனையின் பெயரையும் நோயையும் சொல்லி, "இந்தச் சிகிச்சைக்கு இந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா" என்று கேளுங்கள். இரவிலும் பேசலாம். "கார்டு செல்லாது" என்று யாராவது சொன்னால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் பல இடங்களில் பதில் மாறும்.

கட்டிய 1,46,000 விஷயத்தில்: முதலில் வரிவாரியான பில்லை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ஸ்டென்டின் பிராண்டும் பேட்ச் எண்ணும் ஒட்டிய ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருக்கும், அதன் விலை அந்த மாத உச்சவிலைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் மத்திய விலை ஆணையத்துக்கும் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் புகார் தரலாம். அந்த மருத்துவமனை இதய சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்திருந்து, சிகிச்சைக்கு முன்பே அட்டையைக் காட்டியும் மறுத்திருந்தால், தேதி, நேரம், யார் சொன்னது என்ற விவரத்தோடு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழுவுக்கு மனு எழுதுங்கள், நகலுக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகுதான் அட்டையைக் காட்டினீர்கள் என்றால் அந்த மனு நிற்பது கடினம். அப்படியானால் நேரத்தை அதில் செலவழிக்காமல், மாத மருந்தை அரசுப் பக்கம் மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள்.